பருந்துக்கு டியூஷன் எடுத்த கதை

சேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்,
பெரிய வியாழன், காலை.

அன்புள்ள மச்சான் பர்னபாஸுக்கு, உன் தங்கையைக் கட்டிய பாவத்துக்காக நாற்பது வருஷமாக உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வில்பிரட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆக்னஸும் சுகம், என் முழங்காலைத் தவிர. அங்கே மெல்போர்ன் குளிரில் நீயும் பேத்தி டயானாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. கழிமுகத்தில் செம்பருந்து பாய்ந்து மடவை மீனைத் தூக்குவதை டயானா ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், டிக்கெட் போடவா என்று கேட்டிருந்தாய். மச்சான், போடாதே. இதைப் போனில் சொல்ல எனக்கு முகமில்லை. நீ ஊர்ப்பக்கம் வராத இந்தப் பன்னிரண்டு வருஷமும், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கடிதத்திலும் "பருந்து இன்றும் மடவை பிடித்தது" என்று எழுதினேனே, அத்தனையும் பொய். அது வேட்டையை விட்டு வெகுகாலம் ஆகிறது. அதுவும் இல்லையென்று எழுதிவிட்டால் உனக்கு ஊருக்கு வர வேறு காரணமே இருக்காதே என்று பயந்துதான் எழுதினேன்.

இப்போது அது நம்முடைய நேரப்படிதான் சாப்பிடுகிறது. வள்ளங்கள் கரையேறி, ஆக்னஸ் வீட்டுக்குப் பின்னால் மீன் வெட்ட உட்காருவது பத்தரை மணி; பத்து இருபத்தைந்துக்கே அது தண்ணீர்த் தொட்டி மேல் ஆஜர். அதற்குக் குடலும் செவுளும்தான் வேண்டும், முழு மீனைப் போட்டால் ஆக்னஸை முறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை என்பதும் அதற்குத் தெரியும், அன்றைக்கு முதல் பூசை மணி அடித்ததும் நேரே கோழிக்கடைதான், நான்கூடச் சில ஞாயிறு பிந்துவேன், அது பிந்தாது. தை மாதம் பக்கத்துத் தெரு ரெக்சன் வீட்டு ஞானஸ்நான விருந்தில் சாமியார் கண்ணை மூடி ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் அவர் தட்டிலிருந்த கோழிக்காலைத் தூக்கிவிட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த அத்தனை பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தார்கள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ வருவதற்குள் அதற்கு வேட்டையைப் பழக்கிவிடுவது என்று வாளியில் உயிர் மடவை வாங்கிக்கொண்டு போய், முழங்கால் தண்ணீரில் நின்று, அதன் கண் முன்னால் ஒவ்வொன்றாக விட்டேன். அது வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. ஐந்தாவது மீனை விட்டபோது பாய்ந்தது பார், கை தட்டப் போனேன். ஆனால் அது பாய்ந்தது கரையில் இருந்த என் சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல். பொரித்த நெத்திலியோடு போய்விட்டது. நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்தால் ஆக்னஸ் வாசலில் நிற்கிறாள்.

"எங்க போயிட்டு வாரிய?"

"பருந்துக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் குடுக்க."

"டியூஷன் எடுக்கப் போனியளாக்கும்! ஆர்பர்ல முப்பது வருஷம் கப்பலுக்குச் சரக்கு ஏத்துற வின்ச்சு ஓட்டுன ஆளு. நீங்க என்னைக்கு ஒரு மீனப் பிடிச்சிருக்கிய?"

"அது கெட்டுப் போச்சுளா."

"அது மேல என்ன குத்தம்? நாளும் செவுளும் கொடலும் போட்டு வளத்தது நாந்தான். அண்ணனுக்கு உள்ளத எழுதுங்க." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் கழிமுக மணலில் படுத்துக் கிடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பருந்து தூக்கிய மடவை கனம் தாங்காமல் நம் நடுவில் வந்து விழுந்தது. நாமே பிடித்தோம் என்று உன் அம்மாவிடம் கொடுத்தோம். குழம்பும் கிடைத்தது, மட்டம் போட்டதற்கு அடியும் கிடைத்தது. அந்தப் பருந்தை நினைத்துக்கொண்டு நீ வந்து, இந்தக் கோழிக்கடைப் பருந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அப்புறம் வரவே மாட்டாய். வராமலே இருந்தால் என்றைக்காவது வருவாய் என்றாவது நான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

பேத்திக்கு எங்கள் முத்தங்கள். கடல் தாண்டியும் மாதாவின் கண் உங்கள் மேல் இருக்கட்டும்.

பொய் எழுதிய அதே கையால்,
வில்பிரட்

பி.கு.: மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இன்று பெரிய வெள்ளி. நேற்றுத் தபாலில் சேர்க்க மனம் வரவில்லை, இன்று தபால் ஆபீஸ் லீவு, கடிதம் மேஜையிலேயே கிடக்கிறது. ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை, கோழிக்கடை அடைப்பு, ஊரே ஒருசந்தி நோன்பு. பருந்து வழக்கம்போலப் பத்து இருபத்தைந்துக்கே வந்து தொட்டி மேல் உட்கார்ந்து கத்தியது. "இன்னைக்கு ஒண்ணும் கெடையாது, நீயும் ஒருசந்தி இரு" என்று விரட்டினாள் ஆக்னஸ். மத்தியானம் வரைக்கும் நம்பிக்கையோடு இருந்து பார்த்தது. மூன்று மணிக்கு நாங்கள் கரையோரமாகக் கோயிலுக்கு நடக்கும்போது, கழிமுகத்துக்கு மேலே வட்டமிட்டு, இறக்கையை மடக்கிப் பாய்ந்தது மச்சான்! எழுந்தபோது காலில் மடவை. துக்க நாளென்றும் பாராமல் நான் போட்ட கூச்சலுக்கு ஊரே என்னைத் திட்டியது. பழக்கம் விட்டுப்போனதால் பாதி வழியில் மீனை நழுவவிட்டது, அது என் காலடியில் வந்து துள்ளியது. உனக்குக் காட்டத் திரும்பினேன். பக்கத்தில் நீ இல்லை. அழுதுவிட்டேன். மீனை நான் எடுக்கவில்லை, விலகி நின்றேன், அதுவே வந்து தூக்கிக்கொண்டு போயிற்று.

அடுத்த பெரிய வெள்ளிக்கு டிக்கெட் போடு. அன்றைக்கு நம் வீட்டில் கஞ்சி மட்டும்தான் என்று டயானாவிடம் இப்போதே சொல்லி வை.