லேபில் கிடந்த எலும்புக்கூடும் என் டெமோ கிளாஸும்

சரியாகப் பதில் சொல்லி வேலை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தப்பாகச் சொல்லியும் வாங்கியவர்களை இன்னும் நன்றாகத் தெரியும் (இரண்டு பேர் சொந்தக்காரர்கள், பெயர் வேண்டாம்). ஆனால் ஒரு வகுப்பையே சரியாகப் பதில் சொல்ல வைத்து, அதனாலேயே வேலையைத் தொலைத்தவள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போது பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பேன், மத்தியானம் தூங்குவேன், கோயிலில் யாராவது "பிள்ளை என்ன செய்யுதா?" என்று அம்மாவிடம் கேட்டால் செருப்பைத் தேடுவதுபோல நழுவிவிடுவேன். அப்பா விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்தார். திருப்பூரில் பெரியம்மா மகன் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்க ஆள் வேண்டும் என்று போன் மேல் போன். ஊருக்குள் டீச்சர் வேலை கிடைத்தால் ஊர், இல்லையென்றால் அடுத்த மாதமே திருப்பூர் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்கோ சின்ன வயதிலிருந்தே சாக்பீஸ் பைத்தியம். கொல்லையில் இருந்த முருங்கை மரத்துக்குக்கூட பாடம் நடத்தியிருக்கிறேன். திருப்பூர் என்ற பேரைக் கேட்டாலே அழுகை வரும்.

அந்த நேரத்தில்தான் கோயில் சபையில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சி சொல்லி, ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் சர்டிபிகேட்டைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் வகுப்புக்குள் இறக்கிவிட்டு டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வார்கள். தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். எனக்குக் கொடுத்தது எட்டாம் வகுப்பு. பாடத்தில் வரும் 'லாங்குவிஷ்' என்ற வினைச்சொல்லைப் புரியவைத்து, பிள்ளைகளை அதை வைத்துச் சொந்தமாக வாக்கியம் சொல்ல வைக்க வேண்டும். கவனிக்க ஆளில்லாமல் ஒரே இடத்தில் கிடந்து, நாளாக நாளாக நலிந்து போவதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

அப்பா டி.வி.எஸ்.ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "தைரியமா பேசுட்டி மக்கா, நான் வாட்ச்மேன்கிட்ட இங்கனயே நிக்கேன்" என்றார். நான் அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தேன் (டெமோ கிளாஸுக்குப் பட்டுச்சேலை! யாரும் தடுக்கவில்லை).

உள்ளே போனதும் கைடில் இருந்த உதாரணத்தைக் கணீரென்று சொன்னேன். கைதி ஒருவன் கேட்பாரில்லாமல் சிறையில் கிடந்து வாடினான் என்ற வாக்கியம் அது.

முதல் பெஞ்சுப் பையன் கேட்டான். "எந்த ஜெயில் மிஸ்? பாளையங்கோட்டையா?"

வகுப்பு சிரித்தது. அங்கேயே சுதாரித்துக்கொண்டு கைடில் இருந்த அடுத்த உதாரணத்துக்குப் போயிருக்கலாம். எனக்கோ பி.எட். ஞானம் பொங்கியது. பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து உதாரணம் எடு என்று எங்களுக்கு அங்கே மந்திரம்போல ஓதியிருந்தார்கள். கைடை மூடி மேசையில் வைத்தேன். "ஜெயில் வேண்டாம். நீங்க தினமும் கண்ணால பாக்கறதுல இருந்து சொல்லுங்க" என்றேன். இதைவிட முட்டாள்தனமான ஒரு வாக்கியத்தை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.

ஜன்னலோரத்தில் இருந்த ரெட்டைச்சடைப் பெண் எழுந்தாள். "மிஸ், த ஸ்கூல் பஸ் இஸ் லாங்குவிஷிங் பிஹைண்ட் த கிச்சன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பஸ் டயர் இல்லாமல் நின்றது. உள்ளே ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. கடைசி பெஞ்சில் தாளாளர் லேசாக இருமினார். ஆனால் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லையே! நான் என்ன செய்ய?

"கரெக்ட்!" என்றேன்.

அவ்வளவுதான், மடை உடைந்தது. வகுப்பு முழுக்கக் கைகள் உயர்ந்தன. ஒரு பையன் எழுந்து, குடிதண்ணீர் மெஷின் லாங்குவிஷ் ஆகிறது என்றான். எப்படி என்று கேட்டேன் (கேட்டிருக்கக் கூடாது).

"சீஃப் கெஸ்ட் தெறந்து வச்சதோட சரி மிஸ். தண்ணியே வரல. ரிப்பன்கூட இன்னும் அதுல தொங்குது."

இன்னொருவன், பூட்டிய சயின்ஸ் லேபுக்குள் எலும்புக்கூடு லாங்குவிஷ் ஆகிறது என்றான்.

நான் ஆசிரியைக்கு லட்சணமாகக் கேட்டேன். "அங்க கிடந்தா மட்டும் போதாதுப்பா. நலிஞ்சு போகணும்லா?"

"ஆமா மிஸ், ஓட்டை வழியா பாத்தோம். ஒரு கை கழண்டு கீழ கெடக்கு. யாருமே எடுத்து மாட்டல."

எவ்வளவு துல்லியம்! "எக்ஸலண்ட்!" என்று கத்தியேவிட்டேன். கத்திய பிறகுதான் தாளாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திருப்பூர் பஸ் என் கண்முன்னே ஹாரன் அடித்தது. அவசரமாக, "பொருள் எல்லாம் போதும். மனுசங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். மனிதர்களிடம் போனால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், மூன்றாவது பெஞ்சில் மெதுவாக எழுந்தாள். "வி ஆர் லாங்குவிஷிங், மிஸ்" என்றாள். பிறகு பயந்துபோய்த் தமிழுக்கு மாறினாள். "எங்களுக்கு இங்கிலீஷ் மிஸ்ஸே கெடையாது. இந்தப் பீரியட்ல சும்மா கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்போம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் வேண்டும், எனக்கும் இவர்கள்தான் வேண்டும் என்று தோன்றியது. வேலை வேண்டும் என்று அதுவரை நினைத்ததற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, அவள் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

அப்போது தாளாளர் எழுந்தார். அவரும் ஒரு காலத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, உச்சரிப்புச் சுத்தமாகச் சொன்னார்.

"மிஸ், யுவர் அப்ளிகேஷன் வில் லாங்குவிஷ் ஆன் மை டேபிள்."

என் விண்ணப்பம் அவர் மேசையில் கேட்பாரில்லாமல் கிடக்கப் போகிறதாம். எந்த மனுஷிக்கும் அந்த இடத்தில் முகம் விழுந்திருக்கும். நான் வாக்கியத்தைக் கவனித்தேன். எழுவாய் சரி, வினை சரி, பொருள் அச்சாகப் பொருந்துகிறது. வகுப்புச் சூடு இன்னும் உடம்பில் இருந்து இறங்கவில்லை.

"கரெக்ட் சார்! வெரி குட்!" என்றேன். "எல்லாரும் சாருக்குக் கை தட்டுங்க!"

வகுப்பு கூரை பிய்யத் தட்டியது.

தாளாளர் வெளியே போன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே அப்பா, கைத்தட்டலைக் கேட்டுவிட்டு, எதிர்க்கடையில் லட்டு வாங்கி வாட்ச்மேன் கையில் திணித்துக்கொண்டிருந்தார். "மகளுக்கு வேல கெடைச்சிட்டு வே, எடுத்துக்கிடும்!" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டினார். தாளாளரின் டிரைவருக்கும் ஒன்று போயிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அப்பா கையில் மிச்சமிருந்த லட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளைக சொன்னது எல்லாம் சரிதானட்டி?" என்றார்.

"எல்லாமே சரிப்பா."

"அப்பம் நீ நல்லாத்தான் நடத்தியிருக்க" என்று சொல்லி லட்டை என் வாயில் ஊட்டினார். வண்டியில் வீடு வரும்வரை அழுதுகொண்டே மென்றேன்.

அடுத்த மாதம் திருப்பூர் போனேன். சில வருஷம் பனியன்களுக்கு நடுவே இருந்துவிட்டு, பரீட்சை எழுதி, இப்போது ராயகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் அந்த எட்டாம் வகுப்பைப்போல ஒரே நேரத்தில் அத்தனை கைகள் உயர்ந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்வார். போன வாரம் என் மகள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து நீட்டி, "கரெக்ட்டாம்மா?" என்றாள். கரெக்ட்தான்.

"ஏட்டி, சொல்லிராத!" என்று கட்டிலில் இருந்து அப்பா கத்தினார். "இந்த வேலையும் போயிரும்!"