இரண்டு கடைக்கு ஒரு மவுஸ்

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் எந்த வீட்டில் பெண் எடுத்தாலும் சரி, அந்த வீட்டின் பிரிண்டர், வைஃபை, பெரியப்பா மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் அவனுக்கே சீதனமாக வந்து சேரும். நான் புதுச்சேரியில் அப்படி ஒரு கம்பெனியில்தான், ஆனால் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்பதுதான் என் வேலை. என் கம்ப்யூட்டர் நின்றுபோனால், எல்லோரையும் போல நானும் விவரம் தெரிந்தவருக்கு போன் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இதை என் மனைவி சங்கரி வீட்டாரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சங்கரியின் அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் கடை. வலை, கயிறு, நங்கூரம், படகு இன்ஜினுக்கான உதிரி பாகங்கள் எல்லாம் கிடைக்கும். அதே கடையின் கிளை சிதம்பரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய தம்பி, என் சின்ன மாமனார். சரக்கு இரண்டு கடைக்கும் பொது. ஆனால் கடைசியாக மிச்சமிருந்த ஒரு கியர் பாக்ஸை அண்ணன் ஒரு படகுக்காரருக்கும் தம்பி இன்னொரு படகுக்காரருக்கும் விற்றுவிட்டார்கள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வியாபாரம் நடக்க வேண்டுமே? அதனால் பெரியவர் என்னிடம் சொல்வார், நான் சின்னவரிடம் சொல்வேன். புதுச்சேரியில் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, "எட்டு எம்.எம். கயிறு எத்தன சுருள் கெடக்குதுன்னு கேக்குறாரு மாமா" என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்.

இந்தத் தபால்காரர் வேலை அலுத்துப்போய்த்தான் அந்த யோசனையை நானே சொன்னேன். (யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.) பில்லிங் சாஃப்ட்வேர் கடலூர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள்ளேயே நுழைந்து பில் போட்டால், சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். என்னை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வீடியோ பார்த்தேன். இரண்டாவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு இரண்டு நாள் இருந்தது. வருஷத்திலேயே இரண்டு கடையிலும் கூட்டம் ஜாஸ்தியாக இருப்பது அப்போதுதான். அறிவுள்ளவன் எவனும் அந்த நாளில் கம்ப்யூட்டரைத் தொடமாட்டான். எனக்கு அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது.

காலையில் முதுநகரில் பெரியவரின் கம்ப்யூட்டரைத் தயார் செய்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே சிதம்பரம் வந்து சேர்ந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. சின்னவரின் கம்ப்யூட்டரில், பெரியவர் கம்ப்யூட்டரின் முகவரி எண்களைத் தட்டினேன். கடலூர் திரை சிதம்பரத்தில் விரிந்தது. சின்னவர் அசந்துபோனார். "ஏ, மாப்ளைக்கு பஜ்ஜி சொல்லுப்பா!" என்று கடைப்பையனை விரட்டினார்.

பஜ்ஜி வருவதற்குள் போன் வந்தது. பெரியவர்.

"மாப்ள, கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சி. பாஸ்வேர்டு கேக்குது."

"போட்டு உள்ள போங்க மாமா."

அவர் போட்டார். இங்கே சிதம்பரத்தில் திரை பட்டென்று மூடிக்கொண்டது. வேறொருவர் நுழைந்துவிட்டதால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. சின்னவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் முகம் மாறியது.

"பாத்தீங்களா மாப்ள? கழுத்தப் புடிச்சி வெளிய தள்றாரு!"

"அவுரு தள்ளல மாமா, கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டர் யாருது? அவுருதுதான?"

சின்னவர் மறுபடி நுழைந்தார். அங்கே பெரியவருக்குப் பூட்டிக்கொண்டது. பெரியவர் நுழைந்தார், இங்கே மூடிக்கொண்டது. சாதாரணக் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடும். பல பேர் தனித்தனியாக வேலை செய்ய வேண்டுமானால் அதற்கென்று சர்வர் வாங்க வேண்டும், ஆளுக்கொரு கணக்கு திறக்க வேண்டும், உரிமம் எடுக்க வேண்டும். இதெல்லாம் நான் பார்க்காமல் விட்ட அந்தப் பாதி வீடியோவில் இருந்திருக்கிறது. மதியம் வரை அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கடையைவிட்டு விரட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கவுண்ட்டரிலும் படகுக்காரர்கள் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். என் காதில் போன் சூடேறிக்கொண்டிருந்தது.

அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். எனக்குத்தான் இன்னொரு யோசனை வந்ததே! யாரையும் வெளியே தள்ளாமல், ஒரே திரையை இரண்டு பேருக்கும் காட்டும் ஒரு செயலி இருக்கிறது. அதைப் போட்டேன். சிதம்பரம் பிரிண்டரையும் அதில் இணைத்தேன். இப்போது இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன பஜ்ஜியை எடுத்தேன்.

திரை ஒன்று என்றால் மவுஸ் அம்பும் ஒன்றுதானே? அது எனக்கு உறைக்கவில்லை.

கிள்ளையிலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர் புரொப்பெல்லர் வாங்கியிருந்தார். சின்னவர் பில் போட அம்பை வலப்பக்கம் இழுத்தார். அது தானாக இடப்பக்கம் போனது. இவர் இழுக்க, அங்கே அவர் இழுக்க, அம்பு ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்ட குளவி மாதிரி திரையெங்கும் முட்டிக்கொண்டு அலைந்தது. கிள்ளைக்காரரின் பில்லில் அவர் கேட்காத நங்கூரம் ஏறியது. ஏறிய புரொப்பெல்லர் காணாமல் போனது.

சின்னவர் மவுஸை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்: "யாரு மவுச புடிச்சி இழுக்கறது?"

அங்கிருந்து பதில் வந்தது: "நான்தான். மொதல்ல நீ கைய எடு."

"நானும் ஓனர். நீங்க எடுங்க."

ஒரு வருஷத்துக்கு மேலாகி அவர்கள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனேன். பெயர்க் கட்டம் நிரம்பிப்போய், சண்டை முகவரிக் கட்டத்துக்கு இறங்கியது.

"அம்மா திதிக்குக்கூட வரல. நீ ஓனரா?"

"சொன்னாத்தான வர்றது."

"குடும்ப குரூப்ல போட்டனே."

"நான்தான் குரூப்ல இல்லியே."

"யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல. நானா கோச்சிக்கினு போனேன்."

இந்த இழுபறியில் யாருடைய கை எங்கே பட்டதோ, பிரிண்டர் கரகரவென்று உயிர்பெற்றது. கிள்ளைக்காரர் எட்டி பில்லைக் கிழித்துக்கொண்டார். படகில் பங்கு உள்ளவர்களிடம் காட்டக் கணக்கு வேண்டும் என்றுதான் அவ்வளவு நேரம் நின்றிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடையே கேட்கும்படி வாசித்தார்.

"பேரு... 'மொதல்ல நீ கைய எடு'. யோவ், என் பேரு மாரிமுத்துய்யா!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாரிமுத்து விடாமல் முகவரியையும் படித்து முடித்தார். திதி வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. கடையில் சிரிப்பும் நின்றது.

திரையில் அம்பு அசையாமல் இருந்தது. அங்கே பெரியவர் மவுஸை விட்டுவிட்டார் போல. கொஞ்ச நேரம் கழித்து, சரக்கின் பெயர் எழுதும் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக ஒரு வார்த்தை ஏறியது.

"சாப்ட்டியாடா?"

சின்னவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குறாருல்ல? பதில் போடுய்யா" என்றார் மாரிமுத்து. "அப்பறம் எனக்கு பில்லப் போடு. படகு நிக்கிது."

சின்னவர் தட்டவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். அவர் திரும்பி வர ரொம்ப நேரமானது. அதுவரை வரிசையில் இருந்தவர்களுக்கு நான் கையால் பில் எழுதினேன். (நங்கூரத்துக்கு எந்த 'ர' என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்தேன்.)

சாயங்காலம் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் பெரியவர் வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள், சின்னவர் வண்டி பிடித்து எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கமாக உட்கார்ந்து என்னைத் திட்டினார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் அது. சங்கரி, "என்னாங்க, நல்ல காரியந்தான் பண்ணியிருக்கீங்க" என்று காதோடு சொன்னாள். கால் வலியில் எனக்கு எந்தக் காரியமும் நல்லதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் தொழில் தெரிந்த ஒருவர் வந்து, சர்வர் வைத்து, ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுத்துவிட்டுப் போனார். யாரையும் யாரும் தள்ளவில்லை, அவரவர் அம்பு அவரவருக்கு. ஒரு வாரம் கழித்துப் பெரியவர் எனக்கு போன் செய்தார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது மாப்ள. ஆனா அவன் என்னா பண்றான்னே தெரிய மாட்டேங்குது" என்றார். நான் சிக்னல் இல்லாதவன் மாதிரி "ஹலோ, ஹலோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விடுவதில்லை. வைஃபை நின்றால்கூட நான் எழுந்திருப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். விசேஷங்களில் பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்கும் பொறுப்பு மட்டும் எனக்கு. நிம்மதியாக இருக்கிறது. ஆனால் மாரிமுத்து அந்த பில்லைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். அதனால் டி.வி. ரிமோட்டோ கடைசி வடையோ, இரண்டு கை ஒரே பொருள்மேல் பட்டால், எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகூட அந்த வசனத்தைச் சொல்லும்.

போன வாரம் ஃபேனுக்கடியில் படுத்துக்கொண்டு ஒரே போர்வையை நானும் சங்கரியும் இழுத்துக்கொண்டிருந்தோம். "மொதல்ல நீ கைய எடு" என்றேன்.

"நான்தான் ஓனர்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "நீங்க எடுங்க."

எடுத்துவிட்டேன்.