டேங்கருக்கு ஆயிரம் மில்லி

இந்த வீட்டில் இனிமேல் தண்ணீர் விஷயத்தில் தன் சொல்தான் செல்லும் என்று டேங்கர் முடிவு கட்டியபோது, அவர் கால்கள் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன.

தண்ணீர் லாரி ஓட்டியவர். தெருத்தெருவாக ஆயிரக்கணக்கான லிட்டரைக் கொண்டுபோய்க் கொட்டியவர். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். லிட்டருக்குக் கீழேயும் ஓர் அளவு உண்டு என்பதே இதயம் பழுதான பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் அவரை எடை பார்க்கக் கூட்டிப்போன சமயத்தில் டாக்டர் அவர் மனைவியிடம் பேசி முடித்துவிட்டார். அதிகமாகக் குடித்தால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அளந்துதான் கொடுக்க வேண்டும்.

"ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லி," என்றாள் வெளியே வந்து.

"ஆயிரமா!" டேங்கருக்கு வாயெல்லாம் பல். "தாராளமான மனுஷன்டி!"

"ஆயிரம் மில்லின்னா ஒரு லிட்டருங்க. காபி, கஞ்சி, மாத்திரை முழுங்குற தண்ணி எல்லாம் சேத்து."

பல் மறைந்தது.

வீட்டில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வந்தது. குனிந்து, கோட்டுக்கு நேரே கண்ணை வைத்து ஊற்றுவாள். துளி ஏறினாலும் திருப்பிக் கொட்டுவாள். குடிதண்ணீர் கேன் சமையலறையில், பூட்டுக்குள். குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. டேங்கருக்கு நாக்கு செருப்பாகக் காய்ந்தது.

"மில்லி மில்லியா கொல்றியேடி!"

"கிள்ளிக் கிள்ளிக் குடுத்தாத்தாங்க உயிர் நிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு தையல்காரர். அவருக்கும் இதே வியாதி. காலையில் திருட்டுத்தனமாக சோடா குடித்துவிட்டு டேங்கரைப் பார்த்துக் கண்ணடித்தார். சாயங்காலம் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டார்கள். டேங்கர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் தாகம் யார் சொல்லைக் கேட்கும்? மருந்துக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததில் சென்டிலிட்டர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு சென்டிலிட்டருக்குப் பத்து மில்லி. டேங்கர் துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் போன் பண்ணாரு. அளவைக் குறைச்சுட்டாராம். நூத்தம்பது சென்டிலிட்டர்தானாம்."

"ஐயோ! ஆயிரத்துலேருந்து நூத்தம்பதா?"

"என்ன செய்யறது, என் தலையெழுத்து."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குவளையை எடுத்தாள். நூற்றைம்பது கோடு வரைக்கும் ஊற்றினாள். நீட்டினாள்.

"இன்னிக்குப் பூரா இதாங்க. பாத்துக் குடிங்க."

"ஏய்! இது மில்லி! நான் சொன்னது சென்டி!"

"சென்டி பெருசா, மில்லி பெருசா?"

டேங்கர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பெரிது என்றால் குட்டு உடையும். சிறிது என்றால் இதுவும் போகும்.

"சந்தேகமா இருந்தா டாக்டருக்கே போனைப் போடட்டுமா?"

"வேண்டாம்... வேண்டாம். பழைய ஆயிரமே இருக்கட்டும்."

தோற்றவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. உப்புத் தண்ணீரில் வாய் கரிக்கிறது என்று புலம்பியதற்கு இரங்கி, வாய் கொப்பளிக்க மட்டும் நல்ல தண்ணீரைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் குளியலறையில் வைத்தாள். டேங்கர் கதவைச் சாத்தி, களகளவென்று சத்தம் எழுப்பி, விழுங்கினார். வெறும் தொட்டியில் 'தூ' என்று ஒரு பொய்த் துப்பல். தினமும் காலையில் பாட்டில் நிறைந்திருந்தது. லாரி ஓட்டிய காலத்தில்கூட இப்படி ஒரு ராஜ வாழ்க்கை இல்லை. ஏமாந்த பெண்டாட்டியை நினைத்தால் அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. தையல்காரர் ஞாபகம் வரும்போது மட்டும் விழுங்கியது நெஞ்சில் ஒரு கணம் நின்று இறங்கும்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரே நினைப்பு: இன்றைக்கு மாட்டிக்கொள்வோம். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். குழி விழவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எடையைப் பார்த்தார்.

"பிரமாதம். நீர் வடிஞ்சிருக்கு. நான் சொன்ன ஆயிரத்து இருநூறு மில்லியைத் தாண்டவே இல்ல போலிருக்கே!"

டேங்கர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"ஆயிரம்னுதானேடி சொன்னே?"

"ஆமா. மிச்சம் இருநூறைத்தான் பாட்டில்ல ஊத்தி வெச்சேன்," என்றாள் அவள், அவருடைய செருப்பைக் கால் பக்கம் நகர்த்தியபடி. "நீங்க துப்ப மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"