பிணத்துக்கு ஒரு தொப்பி

தபெர்னாஸ்,
9 அக்டோபர் 1971

மதிப்புக்குரிய மச்சான் எலாதியோ அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை இசிட்ராவின் கணவன் ஹினேஸ் பணிவுடன் எழுதிக்கொண்டது.

மாதாவின் தயவால் இங்கே நாங்கள் இருவரும் ஆடுகள் பதினொன்றும் நலம். ஸ்டுட்கார்ட்டில் தாங்களும் குடும்பத்தாரும் நலமென்றும், தொழிற்சாலையில் தங்களுக்கு இப்போது பகல் வேலை என்றும் அறிந்து மகிழ்ந்தோம். இந்த ஒரு மாதத்துக்குள் நான் இரண்டு முறை சாக நேர்ந்தது, அதில் ஒன்று தங்கள் தங்கை கையால். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் அண்ணன் என்ற முறையில் இசிட்ராவுக்குக் கண்டிப்பான கடிதம் ஒன்று உடனே எழுத வேண்டும். அவள் மாட்ரிட்டுக்குப் போகக் கூடாது, சினிமாவில் நடிக்கக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். நான் சொன்னேன் என்று தெரிந்தாலும் கேட்கமாட்டாள். ஆகவே தங்களுக்குத் தானாகத் தோன்றியது போல எழுதவும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் புரூஸ்கி என்று ஓர் இத்தாலிக்காரர் கௌபாய் படம் எடுக்க இங்கே வந்தார். கையில் காசில்லாத மனிதர், ஒரே காமிரா, மூன்று குதிரை, அதில் ஒன்றுக்குக் கண் தெரியாது. கதை என்னவென்றால், புருஷனைக் கொன்ற மூன்று பேரை ஒரு விதவை தேடிப் பிடித்துச் சுடுகிறாள். மூன்றாவது கொலைகாரன் நான். இதற்கு முன் நாற்பத்தோரு படங்களில் செத்திருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். கூரையிலிருந்து விழுந்து, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி, இரண்டு தடவை தூக்கில் தொங்கி. இந்த வட்டாரத்தில் என்னைப்போல் சாக ஆள் கிடையாது, இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. விதவையாக நடிக்க ரோமிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டிவந்தார்கள். அந்த அம்மாளைக் குதிரையில் ஏற்றித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அந்தக் குதிரை என்னைவிட அதிகப் படத்தில் செத்த குதிரை, வெடிச் சத்தம் கேட்டால் உடனே படுத்துவிடும், அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். அந்த அம்மாள் சுட்டார், குதிரை படுத்தது, அந்த அம்மாள் அதன் அடியில். ஆறு பேர் இழுத்தும் குதிரை எழவில்லை. அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் கடலைக் குழம்பு கொண்டுவந்த இசிட்ரா, சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்திரிடா சோம்பேறி, உனக்கென்ன கல்யாணக் களைப்பா?" என்று ஓர் அதட்டல் போட்டாள். எழுந்துவிட்டது. நடிகை அன்றைக்கே ரோமுக்குப் போய்விட்டார். புரூஸ்கி குதிரையைப் பார்த்தார், இசிட்ராவைப் பார்த்தார், குழம்பையும் பார்த்தார். மறுநாள் காலையில் தங்கள் தங்கை கதாநாயகி.

அவளுக்கு வசனம் தெரியாதே என்று நான் எடுத்துச் சொன்னேன். "இங்க பேசறது எதுவும் பதிவாகாதுய்யா, குரலெல்லாம் ரோம்ல வெச்சு சேத்துக்குவோம், வாய் அசைஞ்சாப் போதும்" என்று அவர் சொல்லிவிட்டார். வாயசைப்பதில் அவளுக்கு என்ன குறை?

முதலில் என்னைக் கொல்லும் காட்சி. பிலிம் சுருள் கம்மி, நாலு விநாடியில் சாகணும் என்றார் புரூஸ்கி. நாலு விநாடியில் கோழிகூடச் சாகாது மச்சான். நான் நெஞ்சைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, தூணைப் பற்றி, வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டு, என் முறைப்படி செத்துக்கொண்டிருந்தேன். நான்கு முறை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஐந்தாவது முறை இசிட்ரா சுட்டுவிட்டு நேராக என் பக்கத்தில் வந்தாள். "விழுய்யா, சாப்பாடு ஆறுது" என்று பூட்ஸ் காலால் ஒரு தள்ளு. விழுந்துவிட்டேன். பிரமாதம், இதுதான் படத்தில் வரப்போகிறது என்று புரூஸ்கி கைதட்டினார். அன்றிலிருந்து ஊரில் என்னைப் பார்த்தவனெல்லாம் "ஹினேஸ், சாப்பாடு ஆறுது" என்கிறான்.

போகட்டும். கடைசி நாள்தான் முதல் காட்சியை எடுத்தார்கள், சினிமாவில் எல்லாம் தலைகீழ். விதவையின் புருஷனாகச் சாக வேண்டிய மாட்ரிட் நடிகர் வரவில்லை. புரூஸ்கி என் தாடியை மழிக்கச் சொல்லி, நீயே படுத்துக்கொள் என்றார். ஆக, படத்தில் என்னைக் கொன்றவனும் நானே, என்னைக் கொன்றதற்காக இசிட்ரா கொல்வதும் என்னையே. யாருக்கும் தெரியாது என்கிறார். வெயிலில் என்னை மல்லாக்கக் கிடத்தி, சட்டையில் சிவப்புச் சாயம் ஊற்றி, என் தலையை இசிட்ராவின் மடியில் வைத்தார்கள். "அழும்மா. மனசுல வர்றதைச் சொல்லி அழு. ஒரு சுருள் முழுக்க ஓடும், நாலு நிமிஷம். பொணமே, நீ அசையாதே" என்றார்.

இசிட்ரா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "செத்துட்டியா? நல்லதாப் போச்சு. இப்பவாவது குறுக்க பேசாமக் கேளு" என்று ஆரம்பித்தாள்.

மச்சான், பத்தொன்பது வருஷத்துச் சரக்கு. நான் அசைய முடியாது. "சமையல்கட்டு ஓடு மூணு வருஷமா ஒழுகுது. கீழ விழறதுக்குன்னா ஊர்ல இருக்கிற கூரையெல்லாம் ஏறுவே, நம்ம கூரைல ஒரு நாள் ஏறினியா? உங்கம்மா இருந்தவரைக்கும் என் குழம்புல உப்பில்லைன்னு சொன்னாங்க, நீ ஒரு நாள், ஒரே நாள், இருக்குன்னு சொன்னியா? எங்கண்ணன் அனுப்பின கைக்கடியாரம் திருட்டுப் போச்சுன்னியே, கழுதைச் சந்தைல வித்தது எனக்குத் தெரியாதா?" (கடிகார விஷயம் அவள் துக்கத்தில் சொன்னது, தாங்கள் மனதில் வைக்க வேண்டாம்.) புரூஸ்கி அந்தப் பக்கத்திலிருந்து "அழு, அழு" என்று கத்துகிறார். அவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தாளு அழு அழுங்கறான். எங்க போறது அழுகைக்கு? ஒவ்வொரு படத்துலயும் செத்துட்டு சிவப்புச் சட்டையோட வந்து நிப்பே. நாப்பத்தோரு சட்டை. ஒவ்வொண்ணையும் தொவைக்கறப்போ, இது நெஜமா இருந்தா நான் என்ன பண்ணுவேன்னு நெனைச்சு நெனைச்சு, உனக்கு வெச்சிருந்த அழுகையெல்லாம் தொட்டித் தண்ணிலயே தீத்துட்டேன்யா" என்றாள். சொல்லி முடித்ததும்தான் அவள் கண்ணிலிருந்து என் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"நிறுத்து! பொணம் அழுது!" என்று புரூஸ்கி அலறினார். அது அவளுடைய கண்ணீர்தான் என்று நான் வாதாடிப் பார்த்தேன். என் இரண்டு கண்ணிலிருந்தும் ஓடுகிறது, மூக்கும் ஒழுகுகிறது, யாரும் நம்பவில்லை. மிச்சமிருந்த சுருளை மாட்டி, என் முகத்தின்மேல் ஒரு தொப்பியைப் போட்டு, மறுபடி எடுத்தார்கள். தொப்பிக்குள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். இந்த முறை தங்கள் தங்கை "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே அழுதாள். வாய் அசைந்தால் போதுமாமே. நூற்றுத் தொண்ணூறு வரை எண்ணினாள். எனக்குத்தான் ஏமாற்றமாக இருந்தது.

அந்த அழுகையைப் பார்த்துத்தான் புரூஸ்கி அடுத்த படத்துக்கும் அவளையே கேட்கிறார். மாட்ரிட்டில், ஆறு வாரம். அதிலும் விதவை. புருஷனாக யாரோ ஒரு மாட்ரிட் நடிகனைப் போடப்போகிறாராம், மீசை வைத்தவன். ஆடுகளை யார் பார்ப்பது, எனக்கு யார் சமைப்பது என்பதெல்லாம் ஒருபுறம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மச்சான், இன்னொருத்தன் செத்ததுக்கு என் பெண்டாட்டி அழுவதை என்னால் தாங்க முடியாது. நாற்பத்தோரு சட்டை துவைத்தது எனக்காக. ஆகவே தாமதிக்காமல் கண்டிப்பாக எழுதவும். நான் இப்போது கூரையில் ஓடு மாற்றப் போகிறேன்.

தங்களுக்கும் வீட்டாருக்கும் மாதா குறைவில்லாமல் அருளட்டும். இசிட்ராவும் விசாரித்ததாகச் சொன்னாள், அதாவது நான் எழுதுவது தெரிந்தால் சொல்வாள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன் ஹினேஸ்

பி.கு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மேசைமேல் விட்டுவிட்டுக் கூரைக்குப் போனது என் தப்பு. இசிட்ரா படித்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டாள். கீழே நின்றுகொண்டு, "நாலு நாளைக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டாச்சு. மீசைக்காரன் செத்தா எனக்கு எப்படிய்யா அழுகை வரும்? பொணம் நீதான்னு எழுதி வாங்கிட்டுத்தான் போட்டேன். ஓடெல்லாம் ஒழுங்கா வை" என்றாள். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை இருவரும் புறப்படுகிறோம். ஏணியைத் திரும்ப வைத்து என்னை இறக்கிய பிறகு ஒப்பந்தத்தை எனக்கும் காட்டினாள். பிணத்துக்கு ஒரு தொப்பி, முகத்தை மூடும் அளவு, என்று ஒரு வரி இருக்கிறது. அதை அவளே கேட்டு எழுத வைத்தாளாம்.