பதினேழாம் நம்பர் பஸ்ஸும் சமூக மாற்றமும்

உலகத்தைத் திருத்தப் பிறந்த மாணவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லூரிக்கு ஒருவராவது இருப்பார். நல்ல கல்லூரியாக இருந்தால் இருவர் இருப்பார்கள், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. அடையாளம் காண்பது எளிது. டீக்கடை வடையில் எண்ணெய் அதிகமாக இருந்தால் மற்றவர்கள் காகிதத்தில் வைத்து அழுத்திவிட்டுத் தின்பார்கள். இவரோ வடையைக் கையில் பிடித்தபடியே சமையல் எண்ணெய் இறக்குமதி, உலகச் சந்தை, நம் கல்விமுறையின் கோளாறு என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். அதற்குள் வடை ஆறிவிடும். ஆறிய வடையை, எண்ணெயோடு தின்பார்.

இந்த இனத்தில் நமக்கு அகப்பட்டவன் அகரத்துச் செழியன். திண்டுக்கல்லில் பொருளாதாரம் மூன்றாமாண்டு. 'மாற்றத்துக்கான இளைஞர் சிந்தனை மையம்' என்ற அமைப்பின் நிறுவனர், தலைவர், பேச்சாளர். உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டிருந்தார்கள். மையத்துக்குச் சின்னம் வரைய மட்டும் மூன்று வாரம் ஆனது. உயர்த்திய கை, அதிலிருந்து முளைக்கும் செடி. செடிக்கு இரண்டு இலை வைத்தால் அரசியல் வம்பு வரும் என்று நீண்ட விவாதத்துக்குப் பிறகு மூன்றாக்கினார்கள்.

செழியன் வெறுமனே பேசுகிறவன் இல்லை, சிந்திக்கவும் செய்வான். அதற்கு அட்டவணையே இருந்தது. திங்கள் சாதி, செவ்வாய் மது, புதன் வேலையின்மை, வியாழன் சுற்றுச்சூழல், வெள்ளி பெண் விடுதலை, சனி ஊழல். ஞாயிறு கிரிக்கெட். எந்தப் பிரச்சினையை எடுத்தாலும் கடைசியில் ஒரே முடிவுக்குத்தான் வருவான்: "வேர்ல கை வைக்கணும்." எந்த வேர், எந்தக் கை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அது அவர்களின் புரிதல் குறைபாடு.

இப்படிப்பட்டவனின் வீட்டுக்கே ஒரு சமூகப் பிரச்சினை தேடி வந்தது.

அவன் தங்கை மலர்விழி திண்டுக்கல்லில் பிளஸ் டூ படிக்கிறாள். அம்மா மாயம்மாள் தோட்டத்துப் பூவைக் கூடையில் கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவள். இருவரும் காலை டவுன் பஸ்ஸுக்குத் தண்ணித்தொட்டி ஸ்டாப்பில்தான் நிற்பார்கள். அவர்களோடு இன்னும் இருபது பேர், எல்லாரும் டிக்கெட் எடுக்க வேண்டாத பெண்களும் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளும். ஒன்பது நாளாக டிரைவர் கூட்டத்தைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டிப் பறந்துகொண்டிருந்தார். அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. மலர்விழிக்கு வரும் செவ்வாய்க்கிழமை இயற்பியல் செய்முறைத் தேர்வு. ஒன்பது மணிக்குமேல் வருகிறவர்களுக்குக் கேட் திறக்காது என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, செவ்வாக்கெழம மட்டும் வண்டில கொண்டாந்து விட்டுருண்ணே" என்றாள்.

"ஒன்னைய ஏத்திட்டுப் போயிட்டா மத்த இருவது பேரு?"

"அவுங்களுக்குப் பரீச்சை இல்லண்ணே."

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மலரு இந்தச் சமூகம் இந்த லட்சணத்துல இருக்கு. தனி ஆளுக்குச் செய்யிற உதவி பிரச்சினைய மூடி மறைச்சிரும். வேர்ல கை வைக்கணும்."

மாயம்மாள் பூக்கூடைக்கு ஈரத்துணி போர்த்திக்கொண்டிருந்தாள். "ஏலே, வேரு கெடக்கட்டும். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாங்கள்ல? ரெண்டு வரி எழுதிக் குடு. படிச்ச புள்ளதான நீயி."

செழியனுக்கு உடம்பு சிலிர்த்தது. வரலாறு தன்னை அழைக்கிறது என்று மனதார நம்பினான். மூன்று நாள் கல்லூரிக்குப் போகாமல் எழுதினான். மனு பதினான்கு பக்கம் வந்தது. தலைப்பு: 'பொதுப் போக்குவரத்தும் பெண் விடுதலையும்: ஒரு மறுவாசிப்பு'. முதல் பக்கத்தில் மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தான். ஆறாம் பக்கத்தில் ரயில் வந்தது. பதினொன்றில் நாட்டுக்குத் தேவையான சீர்திருத்தங்கள் வரிசையாக வந்தன. மையத்தின் செயலாளர் சிவபிரகாஷ் அதைப் படித்துவிட்டு, "மாப்ள, இதுல ஒரு வரி கூட எடுக்க முடியாதுடா" என்றான். உண்மைதான். சேர்க்கத்தான் ஒரு வரி பாக்கியிருந்தது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றான். நின்ற நேரத்தில் வரிசையில் நிற்கும் சமூகத்தைப் பற்றி இரண்டு பதிவு போட்டான். மேஜையில் இருந்த அதிகாரி அம்மாள் அவனுடைய மனுவை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். எதையோ தேடினார்.

"எந்த பஸ்ஸு தம்பி?"

"டவுன் பஸ் மேடம்."

"அது தெரியுது. நம்பர் என்ன? எத்தனை மணி வண்டி? என்னைக்குலருந்து நிக்கல?"

செழியன் மனுவை வாங்கிப் புரட்டினான். சக்கரம் இருந்தது. ரயில் இருந்தது. பஸ் நம்பர் இல்லை. அவன் பைக்கில் போகிறவன். ஒன்பதரைக்குத்தான் வீட்டைவிட்டே கிளம்புவான்.

"மேடம், இது ஒரு பஸ்ஸோட பிரச்சினை இல்ல. இது ஒரு மனநிலையோட பிரச்சினை."

"சரி தம்பி. மனநிலை எந்த டெப்போ வண்டி? நான் யாருக்கு எழுத?"

பின்னால் நின்ற பெரியவர், "செத்த நேரம் ஒதுங்கி நின்னு யோசிங்க அப்பு, நாங்க குடுத்துர்றோம்" என்றார்.

வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் போட்டான். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே மாயம்மாள் கேட்டது மேஜைக்கே கேட்டது: "மூணு நாளா என்னத்தலே எழுதுன?" பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "பதினேழாம் நம்பரு, ஏழே முக்காலு வண்டி, தண்ணித்தொட்டி ஸ்டாப்பு. போன மாசம் இருவத்தெட்டாந் தேதியிலருந்து நிக்கல. நடுவுல ஒரு வெள்ளிக்கெழம நின்டுச்சு, அன்னைக்கு வேற டிரைவரு."

அதிகாரி பதினான்காம் பக்கத்தின் வெற்றுப் புறத்தில் மூன்று வரி எழுதினார். அந்தத் தாளை மட்டும் கிழித்துக்கொண்டு முத்திரை குத்தினார். மிச்சம் பதின்மூன்று பக்கத்தையும் செழியனிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, "புதன்கிழமையிலருந்து நிக்கும்" என்றார்.

ஆனால் தேர்வு செவ்வாய்க்கிழமை. அன்று காலையும் பதினேழாம் நம்பர் பறந்துவிட்டது. ஷேர் ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. எட்டு இருபதுக்குச் செழியன் பைக்கில் வந்தான். மையத்தின் முதல் வெற்றிக்குப் பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்க வேண்டியிருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் கிளம்பியிருந்தான். மலர்விழி நடுரோட்டுக்கு வந்து வண்டியை மறித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், நான் பிளெக்ஸ் கடைக்குப் போறேன்."

"போ. போற வழியிலதான் ஸ்கூலு."

"மலரு, தனி ஆளுக்குச் செய்யிற..."

"அண்ணே, கேட்டப் பூட்டிருவாங்கண்ணே."

வண்டிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ரெக்கார்டு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேர், கை, சமூகம் எல்லாம் அப்படியே மறந்துபோய்ச் செழியன் வண்டியை முறுக்கினான். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலில் நிறுத்தினான். வாட்ச்மேன் கையில் பூட்டு இருந்தது. மலர்விழி திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். அவள் ஆய்வகப் பக்கம் திரும்பி மறையும் வரை செழியன் அங்கேயே நின்றான்.

புதன்கிழமை பஸ் நின்றது. அன்று மாலையே மையத்தின் வெற்றி அறிக்கை வெளியானது, நான்கு பக்கம். அதில் சக்கரம் இருந்தது. சிவபிரகாஷின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. 'களத்தில் துணைநின்ற தாய்மார்களுக்கு' நன்றியும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வண்டி ஓட்டியதை மட்டும் விட்டுவிட்டான். தனி ஆளுக்குச் செய்த உதவியாயிற்றே, கொள்கைப்படி வெட்கமாக இருந்தது. அவன் இதுவரை செய்த ஒரே சமூகப் பணி அதுதான் என்று யார் போய் அவனிடம் சொல்வது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று மேலே ஒரு வரி சேர்த்து இதை நாலு பேருக்கு அனுப்பக் கை துறுதுறுக்கிறது. தாராளமாக அனுப்புங்கள். அதற்குமுன் ஒன்றே ஒன்று. உங்கள் தெருமுனை விளக்கு ஒரு மாதமாக எரியவில்லை என்று டீக்கடையில் ஆரம்பித்து டெல்லி வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தீர்களே, அந்தக் கம்பத்தில் பெயிண்டில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். அது என்ன நம்பர்?