மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவள்

இந்தத் தடவை நாவலுக்குத் திட்டம் போட்டு முடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று எலியேசர் சபதம் எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக எடுக்கிற அதே சபதம்தான். ஆனால் போன மாதம் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனிமேல் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. நாவல் போட்டிக்குக் கடைசித் தேதி வேறு கழுத்தை நெரித்தது.

சாப்பாட்டு மேஜையில் அத்தியாயத்துக்கு ஓர் அட்டையாகப் பரப்பினார். கதாநாயகன் மக்தலேனா ஆற்றங்கரையில் ஒரு தபால்காரன். மூன்றாவது அட்டை: 'மனைவி காய்ச்சலில் இறக்கிறாள்.' நான்காவது: 'மருந்துக்கடைப் பெண் மார்பெலிஸோடு படகேறி கார்த்தஹேனா பட்டணம் போகிறான்.' மீதி பதினாறும் காதல்.

மத்தியானம் பொரித்த மீனும் தேங்காய்ச் சோறுமாக வந்த மனைவி நூரிஸ், மூன்றாவது அட்டையைப் பார்த்து நின்றாள்.

"யாருங்க இது, செத்தது?"

"கற்பனைம்மா. சும்மா ஒரு பாத்திரம்."

"கீழே பொடி எழுத்துல, வலது கன்னத்துல மச்சம்னு போட்டிருக்கே?"

எலியேசர் அவள் கன்னத்து மச்சத்தைப் பார்க்காமல் மீனைப் பார்த்தார்.

"சரி, செத்துட்டேன், போகட்டும். மூணுல சாவு, நாலுல படகா? ஒன்பது நாள் ஜெபம் எங்கே? பீடம் கட்டலை, பூ வைக்கலை, வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பி ஊத்தலை. படிக்கறவன் உங்களைக் காறித் துப்ப மாட்டான்?"

அது உண்மை என்று எலியேசருக்கே தெரியும். ஒன்பது நாள் ஜெபம் வைக்காத புருஷனை இந்த ஊரில் நாய்கூட மதிக்காது. ஓர் அட்டை எடுத்தார்.

"ஒண்ணா? ஒன்பது நாளைக்கு ஒன்பது!" என்ற நூரிஸ், சுவருக்கு மேலே எட்டிக் குரல் கொடுத்தாள். "எடில்மாக்கா! நான் செத்தா என்ன சொல்லி அழுவீங்க?"

பக்கத்து வீட்டு எடில்மா ஈரக் கையோடு வந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நேராக அழுதாள்.

"ஐயோ நூரிஸ்! உன் கைச் சோறு இனி எங்கே கிடைக்கும்! இந்த மனுஷனோட எப்படித்தான் குப்பை கொட்டினியோ!"

"எழுதுங்க" என்றாள் நூரிஸ். எழுதினார்.

இரண்டு நாளில் தெரு முழுக்க வந்து, நூரிஸ் ஊற்றிய காப்பியைக் குடித்து, அழுதுவிட்டுப் போனது. ஐந்தாவது ஜெப அட்டையில் பாதிரியாரே விம்மினார். ஏழாவதில் மார்பெலிஸ் வந்து, செத்தவளின் பெருமையெல்லாம் கேட்டு மனம் உருகி, கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள்.

"அவளையாவது விட்டுடேன்!" என்று எலியேசர் கும்பிட்டார்.

"அவ நல்ல பொண்ணுங்க. கெடுத்துடாதீங்க."

படகு கரையிலேயே கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தபால் முத்திரை குத்தும்போதெல்லாம் மனசுக்குள் அவர் ஏறி உட்கார்ந்த படகு. எலியேசருக்கு அழுகையே வந்துவிட்டது. வெறுத்துப்போய் அடுத்த அட்டையில் எழுதினார்: 'கதாநாயகன் நெஞ்சு வெடித்துச் சாகிறான்.'

எழுதியதும் சட்டென்று பொறி தட்டியது. செத்தவருக்கு ஒன்பது அத்தியாயம் உண்டே! அத்தனையும் தன் பெருமை! ஒன்பது வெள்ளை அட்டைகளை எடுத்து நூரிஸ் முன்னால் வரிசையாக வைத்தார்.

அவள் மறுக்கவில்லை. "நியாயந்தான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பினாள். "எடில்மாக்கா! இவர் செத்தா என்ன சொல்லி அழுவீங்க?"

எலியேசர் பேனாவோடு காத்திருந்தார். எடில்மா ரொம்ப நேரம் யோசித்தாள்.

"'என்ன இருந்தாலும் நூரிஸ் சாவுல குடிச்ச காப்பி மாதிரி வராது'ன்னு எழுதிக்கச் சொல்லு."