செக் மொழியில் நான் சொன்ன ஆமாம்

மான்மவுத் ஜங்ஷன்,
நியூ ஜெர்ஸி.

சிரஞ்சீவி வாஞ்சிநாதனுக்கு உன் அத்திம்பேர் பிச்சுமணியின் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம், என் இடுப்பெலும்பும் பக்கத்துக் கட்டில்காரரும் நீங்கலாக. எலும்பு கூடிவிடும் என்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் திங்கட்கிழமை காலமாகிவிட்டார்.

விவரமாக எழுதுகிறேன். ஜனவரியில் குப்பைத் தொட்டியை ரோட்டோரம் தள்ளிக்கொண்டு போகும்போது பனிக்கட்டியில் சறுக்கினேன், தொட்டி நின்றது, நான் விழுந்தேன், ஆபரேஷன் ஆகி நடை பழக இந்த ரீஹாப்பில் கொண்டுவந்து போட்டார்கள், பக்கத்துக் கட்டிலில் மிலோஷ் என்று எண்பத்து மூன்று வயதுப் பெரியவர், செக் நாட்டிலிருந்து வாலிபத்தில் இங்கே வந்து தொழிற்சாலையில் லேத் ஓட்டியவராம், பக்கவாதம் அவருடைய வலது கையோடு இங்கிலீஷையும் கொண்டுபோய்விட்டது, பிறந்த பாஷை மட்டும் மிச்சம், அதில் நாள் முழுக்க யாரையாவது கூப்பிடுவார், நர்ஸுகள் "ஓகே, ஓகே" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அனிருத் சனிக்கிழமை வந்தபோது, "போர் அடிச்சா ஏதாவது லாங்குவேஜ் கத்துக்கோங்கோப்பா" என்று என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். நான் செக் என்றேன். "ஸ்பானிஷ்னாலும் யூஸ் ஆகும். செக்கை வெச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?" என்றான். பெற்ற பிள்ளை வாரத்துக்கு ஒரு நாள் வருகிறான், இவர் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் செக்கையே போட்டுக் கொடுத்துவிட்டான்.

முதல் பாடம், பேர் ஊர் விசாரிப்பது. "யாக் ஸெ மெனுயெதெ?" என்றால் உங்கள் பெயர் என்ன. நான் கேட்டதும் அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மடை திறந்த மாதிரி பேசினார், பேசினார், எனக்கு மிலோஷ் என்பது மட்டும் புரிந்தது. கேள்வி எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன், பதில் ஒன்றும் விளங்காது. "அனோ" என்றால் ஆமாம். ஆனால் என் காதில் அது "ஆனா" என்றே விழும், உன் அக்கா ஷ்யாமளா மாதிரி மேற்கொண்டு ஏதோ குறை சொல்லப் போகிறார் என்று காத்திருப்பேன், ஒன்றும் வராது. தினமும் காபி ஆனதும் பேர் கேட்பேன், ஊர் கேட்பேன், குழந்தைகள் உண்டா என்று கேட்பேன். ஒரு பெண் என்பார், அது பாடத்தில் வந்த வார்த்தை. புரியாத இடத்தில் எல்லாம் நான் "அனோ" போடுவேன். நர்ஸுகள் எனக்கு செக் தெரியும் என்று மாடி முழுக்கச் சொல்லிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

போன வாரம் வயது கேட்டேன். "தெவ்யெத்" என்றார். ஒன்பது! தப்பாகச் சொல்கிறார் என்று மறுபடி கேட்டேன். ஒன்பதேதான். பிறகு "அ வீ?" என்றார், நீங்கள்? இத்தனை நாளில் அவர் என்னைக் கேட்டது அதுவே முதல் தடவை. ஏழு விரலும் நாலு விரலும் காட்டினேன். ஐயோ பாவம் என்று என் கையைத் தடவிக்கொடுத்தார். திங்கட்கிழமை காலை ஆப்பிள் ஜூஸ் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார், தூக்கத்திலேயே போய்விட்டார்.

புதன்கிழமை மகள் வந்தாள். அவர் செக் நாட்டிலேயே விட்டுவந்த குழந்தையாம், இப்போது அறுபது வயசிருக்கும், ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது. மற்ற விஷயமெல்லாம் ஆபீஸில் போன் மொழிபெயர்ப்பாளரை வைத்து முடித்துவிட்டு, கட்டிலைப் பார்க்க வந்தாள். நர்ஸ் என்னைக் காட்டி, இவர் உங்கள் பாஷை பேசுவார் என்று ஜாடை செய்தாள். நானும் வாக்கரைப் பிடித்து எழுந்து, பேர் சொல்லி, இந்தியா என்று சொல்லி, சந்தித்ததில் மகிழ்ச்சி என்பதையும் சொன்னேன். கட்டில் காலியாகக் கிடக்கிறது, நான் மகிழ்ச்சி என்கிறேன்! அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டே வார்த்தையில் ஏதோ கேட்டாள். நான் "அனோ" என்றேன். தலையையும் நன்றாக ஆட்டினேன். அவள் என் தோளில் சாய்ந்து அப்படி அழுதாள். மறுநாள் ஊருக்குப் போய்விட்டாள்.

உன் அக்காவிடம் சொன்னேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லப்படாதோ?" என்றாள். அது பாடத்தில் இன்னும் வரவில்லை. எதுவானாலும் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இந்த ஊர் போதும் வாஞ்சி. கடைசியில் பாஷை மறந்துபோனால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? டாக்டர் விட்டதும் கிளம்பி வருகிறோம், மாடி போர்ஷன்காரரைக் காலி செய்யச் சொல். வீட்டில் அனைவருக்கும் ஆசி.

இப்படிக்கு,
பிச்சுமணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அவள் கேட்ட இரண்டு வார்த்தையும் காதிலேயே நின்றதால் போனிடம் சொல்லிப் பார்த்தேன். "துர்ப்யெல் மொத்ஸ்?" ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று அர்த்தமாம். அனிருத் உடனே ஆபீஸில் அவள் நம்பரை வாங்கி, அவர் தூக்கத்தில்தான் போனார், அப்பாவுக்கு செக் தெரியாது என்ற உண்மையை எழுதி, போனிலேயே செக்கில் மாற்றி அவளுக்கு அனுப்பினான். பதில் வந்தது: "அப்பா பக்கத்தில் இருந்தவரே என் பாஷையில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆறுதலுக்காக இப்போது மாற்றிச் சொல்ல வேண்டாம்." இனி நானே கூப்பிட்டு, அவள் வாயால் கேட்டு, என் வாயால் சொன்னால்தான் உண்டு. இல்லை என்ற ஒரு வார்த்தையை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கலாம், திருப்பி அவள் ஒன்று கேட்டால்? அதைச் சொல்லி முடிக்காமல் இங்கிருந்து கிளம்ப மனசில்லை, ஆகையால் மாடிக்காரர் இருக்கட்டும். நடந்து முடிந்ததைச் சொல்வது பத்தொன்பதாம் பாடத்தில்தான் வருகிறது. நான் இரண்டாவதில் இருக்கிறேன்.